தலவாக்கலைத் தொகுதியின் தலைக்கணக்கு

இந்த நேரலையில் நாம் வழக்கமாகப் பேசுவது கவிதை, நாவல், சிறுகதை. நான் இன்று தேர்தல் தொகுதி எல்லைகளைப் பற்றிப் பேசப் போகிறேன். ஏற்பாட்டாளர்களிடம் தலைப்பைச் சொன்னபோது ஒரு கணம் அமைதியாகிவிட்டார்கள். ஆனால் நான் இதற்குள் நுழைந்தது ஒரு கவிஞர் வழியாகத்தான். அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

சி.வி. வேலுப்பிள்ளையைப் பற்றிப் பேசும்போது நமக்கு ஒரு வழமை உண்டு. மடக்கும்புர தோட்டத்தில் 1914இல் பிறந்தவர், ஆங்கிலத்தில் கவிதை எழுதியவர், மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களைச் சேகரித்தவர், 'வீடற்றவன்' நாவலை எழுதியவர், தொழிற்சங்கக்காரர் என்று வரிசையாகச் சொல்வோம். கடைசியில், 1947 முதல் 1952 வரை தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார் என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டு அடுத்த விடயத்துக்குப் போய்விடுவோம். அந்த ஒரு வரியைத்தான் இன்று நிறுத்தி நிதானமாகப் பார்க்க விரும்புகிறேன்.

1952க்குப் பிறகு அவர் ஏன் அங்கே இல்லை? மக்கள் அவரைக் கைவிட்டார்களா? இல்லை. தொகுதியை வெட்டி வேறொன்றோடு சேர்த்தார்களா? அதுவும் இல்லை. வரைபடத்தில் தலவாக்கலைத் தொகுதியின் கோடு 1947இல் இருந்த இடத்திலேயே 1952இலும் இருந்தது. கோட்டுக்குள் இருந்த மனிதர்களும் அதே மலைகளில், அதே லயங்களில்தான் இருந்தார்கள். காலையில் பிரட்டுக்களத்துக்குப் போனார்கள், கொழுந்து பறித்தார்கள், மாலையில் நிறை போட்டார்கள். ஆனால் வாக்காளர் இடாப்பில் அவர்களில் மிகப் பெரும்பாலோரின் பெயர் இல்லை.

தொகுதி எல்லை மோசடி என்றதும் பலருக்கும் அமெரிக்காதான் நினைவுக்கு வரும். 1812இல் மசசூசெட்ஸ் மாநில ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெரி தன் கட்சிக்குச் சாதகமான ஒரு தொகுதி வரைபடத்துக்குக் கையெழுத்திட்டார். அதில் ஒரு தொகுதி பல்லி மாதிரி வளைந்து நெளிந்து கிடந்தது. பத்திரிகைக்காரர்கள் அதற்கு வாலும் சிறகும் வரைந்து, ஜெரியின் பெயரையும் சாலமண்டர் என்ற சொல்லையும் ஒட்டி, 'ஜெரிமாண்டர்' என்று பெயர் வைத்தார்கள். இன்றும் அந்தப் பெயர்தான் புழங்குகிறது. அந்தக் கதை சுவையானது. ஆனால் அது நம் கண்ணை வரைபடத்திலேயே ஒட்டவைத்துவிடுகிறது. கோணலான கோட்டைக் கண்டால் சந்தேகப்படுகிறோம், நேரான கோட்டைக் கண்டால் நம்பிவிடுகிறோம். கோட்டைத் தொடாமலே ஒரு தொகுதியை முழுவதும் மாற்றிவிடலாம் என்பதற்கு மலையகம்தான் சாட்சி.

முதலில் அந்தக் கோடுகள் எப்படி வந்தன என்று சொல்கிறேன். 1931இல் டொனமூர் யாப்பின் கீழ் இலங்கையில் சர்வசன வாக்குரிமை வந்தது. பெண்களுக்கும் சேர்த்து. அதோடு தீவு 50 பிரதேசத் தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. தோட்ட மக்களுக்கு நிரந்தர வதிவை நிரூபிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தாலும், அவர்களில் பலர் வாக்களித்தார்கள். ஹற்றன் தொகுதியிலிருந்து பெரி சுந்தரம் போனார், தொழில் அமைச்சராகவும் ஆனார். 1936இல் அதே ஹற்றனிலிருந்து கோ. நடேசய்யர் போனார். நடேசய்யரும் எழுத்துக்காரர்தான், பத்திரிகை நடத்தியவர். மலையகத்தில் அரசியலும் எழுத்தும் ஒரே கொடியில் காய்த்த காய்கள். சி.வி. தனியாக முளைத்தவர் அல்ல.

அடுத்தது சோல்பரி யாப்பு. சுதந்திரத்துக்கு முன்பே, 1946இல், எல்லை நிர்ணய ஆணைக்குழு அமர்ந்தது. அதற்குக் கொடுக்கப்பட்ட விதி இதுதான்: ஒவ்வொரு மாகாணத்திலும் 75,000 பேருக்கு ஓர் ஆசனம். அதற்கு மேல் ஒவ்வொரு 1,000 சதுர மைல் பரப்புக்கும் ஓர் ஆசனம். தலைக்கணக்கில் 70, நிலக்கணக்கில் 25, மொத்தம் 95 ஆசனங்கள். இந்த நிலக்கணக்கு எதற்கு? ஜீ.ஜீ. பொன்னம்பலம் ஐம்பதுக்கு ஐம்பது கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. அதைக் கொடுக்க மறுத்தவர்கள் பதிலாக வைத்த சமாதானம்தான் இந்தச் சதுர மைல். வடக்கும் கிழக்கும் பரந்த நிலம், அடர்த்தி குறைந்த மக்கள். ஆகவே நிலத்துக்கு ஆசனம் கொடுத்தால் சிறுபான்மையினருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும் என்பது எண்ணம். வடமாகாணம் 9 ஆசனங்களும் கிழக்கு 7 ஆசனங்களும் பெற்றன. ஆனால் வடமத்திய மாகாணமும் ஊவாவும் கூடப் பரந்த நிலங்கள்தானே. சதுர மைலுக்கு மொழி கிடையாது. அதன் மேல் யார் குடியேறுகிறார்களோ அவர்களுக்கு அது வேலை செய்யும். கல்லோயாக் குடியேற்றத்துக்குப் பிறகு அம்பாறை என்ற புதிய தொகுதி 1960 தேர்தலுக்கு வந்ததும், 1977 தேர்தலுக்குச் சேருவில வந்ததும் இந்தக் கணக்கின் தொடர்ச்சிதான். அது தனி உரைக்குரிய விடயம். இங்கே நிறுத்துகிறேன்.

நமக்கு வேண்டியது அந்த முதல் விதியில் இருக்கும் ஒரு சொல். 75,000 பேர். வாக்காளர் 75,000 என்று அங்கே சொல்லவில்லை, ஆட்கள் 75,000 என்றுதான் சொன்னார்கள். கைக்குழந்தை, கிழவி, வாக்குள்ளவர், இல்லாதவர் எல்லோரும் அதில் அடக்கம். 1946 குடிசன மதிப்பின்படி தீவில் 66 இலட்சத்துக்கு மேல் மக்கள். அதில் இந்தியத் தமிழர் என்று பதியப்பட்டவர்கள் ஏறத்தாழ 7,80,000, அதாவது நூற்றுக்கு 11.7 பேர். இலங்கைத் தமிழரை விடச் சற்று அதிகம். இவர்களில் பெரும்பகுதியினர் மத்திய, ஊவா, சப்ரகமுவ மாகாணங்களில் இருந்தார்கள். அந்த மாகாணங்களுக்கு ஆசனம் ஒதுக்கும்போது இவர்களின் தலைகளும் எண்ணப்பட்டன. அதில் தவறில்லை, எண்ணத்தான் வேண்டும்.

1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸிலிருந்து ஏழு பேர் போனார்கள். நுவரெலியாவில் தொண்டமான், தலவாக்கலையில் சி.வி., கொட்டகலையில் குமாரவேலு, நாவலப்பிட்டியில் இராஜலிங்கம், மஸ்கெலியாவில் மோத்தா, பதுளையில் சுப்பையா, அலுத்நுவரவில் இராமானுஜம். வேறு பல தொகுதிகளில் தோட்ட மக்களின் வாக்கு இடதுசாரிகளுக்குப் போனது. டி.எஸ். சேனநாயக்காவின் ஐக்கிய தேசியக் கட்சி தனிப் பெரும்பான்மை பெறவில்லை. கொழும்பில் இந்தக் கணக்கைக் கவனமாகப் பார்த்தார்கள்.

அடுத்து நடந்தவை உங்களில் பலருக்குத் தெரிந்தவை, வேகமாகச் சொல்கிறேன். 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். 1949இன் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம். அதே 1949இன் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம். முதலாவது, இவர்கள் பிரஜைகள் இல்லை என்றது. இரண்டாவது, வேண்டுமானால் விண்ணப்பியுங்கள் என்றது. மூன்றாவது, பிரஜை இல்லாதவருக்கு வாக்கில்லை என்றது. விண்ணப்பங்களில் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டவர்களின் பெயர்கள் இருந்தன. கடைசியில் கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. தமிழ்க் காங்கிரஸ் பிளந்து, செல்வநாயகம் பிரிந்து, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்ததும் இந்தப் பின்னணியில்தான்.

இந்தக் கதையை நாம் பிரஜாவுரிமைப் பறிப்பின் கதையாகச் சொல்லிப் பழகிவிட்டோம். அது சரிதான். ஆனால் அதற்குள் இன்னொரு கதை ஒளிந்திருக்கிறது. இவர்களுடைய வாக்கை எடுத்தார்கள், தலையை எடுக்கவில்லை. ஆசனக் கணக்கில் இவர்கள் தொடர்ந்து இருந்தார்கள்.

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு மலை மாவட்டத்தில் ஒன்றரை இலட்சம் பேர் இருக்கிறார்கள். பாதிப் பேர் கிராமத்தவர், பாதிப் பேர் தோட்டத்தவர். விதிப்படி இரண்டு ஆசனங்கள். இப்போது தோட்டத்தவரின் வாக்கை நீக்குங்கள். தலை ஒன்றரை இலட்சம் அப்படியே இருக்கிறது, ஆகவே ஆசனமும் இரண்டுதான். ஆனால் அந்த இரண்டு பேரையும் தெரிவு செய்வது கிராமத்தின் 75,000 பேர். தெற்கே கடற்கரையில் அதே 75,000 பேருக்கு ஓர் ஆசனம்தான். அதாவது மலைக் கிராமத்தவர் ஒருவரின் வாக்கு கடற்கரைக்காரரின் இரண்டு வாக்குக்குச் சமம். அந்த இரண்டாவது வாக்கு எங்கிருந்து வந்தது? பக்கத்து லயத்தில் இருக்கும் வாக்கில்லாத மனிதரிடமிருந்து. 1952இல் மலையகத்தின் சில தொகுதிகளில் வாக்காளர் தொகை சில ஆயிரங்களாகச் சுருங்கிப் போனது. ஆனாலும் ஒவ்வொன்றும் பாராளுமன்றத்தில் ஒரு முழு ஆசனம்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கண்டிய சிங்களக் கிராமத்தவர் இதைத் திட்டம் போட்டுச் செய்தவர்கள் அல்ல. பெருந்தோட்டத்துக்குத் தங்கள் நிலத்தை இழந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கும் ஒரு நியாயமான மனக்குறை இருந்தது. ஆனால் அடுத்த முப்பது வருடங்களில் ஆட்சிக்கு வர விரும்பிய எந்தக் கட்சியும் தோட்டத்து லயத்துப் பக்கம் திரும்ப வேண்டியிருக்கவில்லை. அங்கே எண்ணிக்கை இருந்தது, வாக்கு இல்லை. கிராமத்தின் பக்கம்தான் திரும்ப வேண்டியிருந்தது. 1956ஐப் பற்றிப் பேசுபவர்கள் மொழியைப் பற்றியே பேசுகிறார்கள். இந்தக் கூட்டல் கழித்தலையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் படம் இன்னும் தெளிவாகும் என்பது என் கருத்து.

என் அம்மாயி கொழுந்து பறித்தவர். அவர் பேச்சில் 'பேர்' என்ற சொல் அடிக்கடி வரும். தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் வேலைக்கான பதிவு. செக்ரோலில் விழுந்தால்தான் சம்பளம். கொழுந்து நிறை குறைந்தால் கணக்கப்பிள்ளை 'அரைப்பேர்' போட்டுவிடுவார். முழு நாளும் மழையில் நின்றாலும் அரை ஆள். அமெரிக்க யாப்பைப் பற்றிப் படித்தபோது எனக்கு இந்த அரைப்பேர்தான் ஞாபகம் வந்தது. 1787இல் அங்கே அடிமைகளை எப்படி எண்ணுவது என்று சண்டை. அடிமைகளுக்கு வாக்குக் கொடுக்கும் எண்ணம் தென் மாநிலங்களுக்குக் கனவிலும் இல்லை. ஆனால் ஆசனக் கணக்கில் அவர்களை முழுதாக எண்ண வேண்டும் என்றார்கள். வட மாநிலத்தவர் எண்ணவே கூடாது என்றார்கள். ஐந்தில் மூன்று என்று முடிவாயிற்று. 1868இல் பதினான்காவது திருத்தம் வரும்வரை அது எழுத்தில் இருந்தது. இந்த இடத்தில் பலர் ஒரு பிழை விடுகிறார்கள். அடிமையை முழு மனிதனாக எண்ணியிருக்க வேண்டும், ஐந்தில் மூன்று என்று குறைத்துவிட்டார்களே என்று வருத்தப்படுகிறார்கள். முழுதாக எண்ணியிருந்தால் லாபம் அடிமைக்கு இல்லை, எசமானுக்கு. வாக்கில்லாதவரின் தலை எவ்வளவு பெரிதாக எண்ணப்படுகிறதோ அவ்வளவுக்குப் பக்கத்தில் நிற்பவரின் கை ஓங்கும். அந்தக் கணக்கில் பார்த்தால் இலங்கை 1948க்குப் பிறகு செய்தது ஐந்தில் மூன்று அல்ல, ஐந்தில் ஐந்து.

சரி, நீதிமன்றம் என்ன செய்தது? றுவன்வெல்லத் தொகுதி இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கும்படி கோடக்கன் பிள்ளை என்பவர் கேட்டார். இடாப்பைத் திருத்தும் அதிகாரி அவருக்குச் சார்பாக முடிவு செய்தார். சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகம் செய்யும் சட்டத்தை இயற்றப் பாராளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று சொல்லியிருந்ததே. உயர்நீதிமன்றம் அந்த முடிவைப் புரட்டியது. வழக்கு இலண்டன் பிரிவுக் கவுன்ஸிலுக்குப் போனது. 1953இல் அங்கேயும் தோற்றது. தன் பிரஜைகள் யார் என்று தீர்மானிப்பது ஒரு சட்டசபையின் இயல்பான வேலை, சட்டத்தின் சொற்களில் எந்த இனத்தின் பெயரும் இல்லை என்பது அவர்களின் பார்வை. உண்மைதான், பெயர் இல்லை. இடாப்பிலும் இல்லை.

அதற்கு முந்திய வருடம், 1952இல், தொழிலாளர்களும் தலைவர்களும் கொழும்பில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். சி.வி.யின் பாராளுமன்றக் காலம் முடிந்தது. பிறகு அவர் எழுதினார், தொழிற்சங்க வேலை செய்தார். நாவலுக்கு 'வீடற்றவன்' என்று பெயர் வைத்தவருக்கு அந்தச் சொல்லைத் தேடி அலைய வேண்டியிருந்திருக்காது.

1954இல் ஒரு வினோதமான ஏற்பாடு வந்தது. பதிவுப் பிரஜைகளான இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளியினருக்காகத் தீவு முழுவதற்கும் ஒரே தொகுதி, நான்கு உறுப்பினர். கோடே இல்லாத தொகுதி! பருத்தித்துறையிலிருந்து தேவேந்திரமுனை வரை எங்கும் இருக்கும், எங்கும் இருக்காது. அதற்கு ஒரு தேர்தல்கூட நடக்கவில்லை. 1956 தேர்தல் பழைய 95 ஆசனங்களுக்கே நடந்தது. பின்னர் அந்த ஏற்பாட்டையே நீக்கிவிட்டார்கள். 1959இல் புதிய எல்லை நிர்ணயம். ஆசனங்கள் 151 ஆயின. நாடற்றவர்களின் தலைகள் மறுபடியும் எண்ணப்பட்டன. 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் அந்தத் தலைகள் 9,75,000 என்று கணக்கு வைத்து, இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பிறகு பார்ப்போம் என்று பிரித்தார்கள். பாத்திரம் பங்கு வைப்பதுபோல. தொண்டமான் 1960இலும் 1965இலும் நியமன உறுப்பினராக உள்ளே போனார். தேர்தலில் நின்று ஒரு தோட்டத் தமிழரும் வெல்லவில்லை.

1976இல் வெளிவந்த எல்லை நிர்ணயம் ஒன்றைச் செய்தது. நுவரெலியா, மஸ்கெலியா இரண்டையும் சேர்த்து மூன்று உறுப்பினர் கொண்ட ஒரே பெரிய தொகுதியாக்கியது. தனி ஆசனத் தொகுதியில் முதலாவதாக வருபவர் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வார். மூன்று ஆசனம் என்றால் மூன்றாவது பெரிய கூட்டத்துக்கும் கதவு திறக்கும். 1977 யூலையில் காமினி திசாநாயக்க முதலாவது, அனுரா பண்டாரநாயக்க இரண்டாவது, தொண்டமான் மூன்றாவது. 1947இல் வென்றவர் முப்பது வருடம் கழித்து மறுபடி வாக்கால் வென்றார். ஒப்பந்தப்படி பிரஜாவுரிமை பெற்றவர்கள் மெல்ல இடாப்பில் ஏறியதும் ஒரு காரணம், கோட்டை வேறு மாதிரிப் போட்டதும் ஒரு காரணம். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் நடந்திருக்காது என்றே நினைக்கிறேன். எல்லோருக்கும் பிரஜாவுரிமை சட்டத்தில் வந்து சேர 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் யாராவது உத்திரமேரூரைக் கொண்டுவருவீர்கள் என்று தெரியும். பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, முப்பது குடும்புகள், குடத்தில் ஓலை. குடும்பு என்பதும் ஒருவகைத் தொகுதிதான். பெருமைப்படலாம். ஆனால் ஓலையில் பெயர் எழுதப்பட, வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், வயது முப்பத்தைந்து ஆகியிருக்க வேண்டும். அந்த நிலத்தில் இறங்கி உழுதவரின் பெயர் குடத்துக்குள் விழவில்லை. வேதாகமத்திலும் இதே சங்கதி உண்டு. எண்ணாகமம் இருபத்தாறாம் அதிகாரத்தில் கோத்திரங்களை எண்ணி, தொகைக்கு ஏற்றபடி நிலத்தைப் பங்கிடச் சொல்கிறது. லேவியரை மட்டும் தனியாக எண்ணினார்கள், 23,000 பேர். அவர்களுக்கு நிலப்பங்கு இல்லை. ஞாயிறு பள்ளியில் இந்த அதிகாரத்தை வேகமாகப் புரட்டிவிடுவார்கள். பெயர்ப்பட்டியல் அலுப்பாக இருக்கும் என்று.

இனி நான் வாழும் ஊர்ப்பக்கம் வருகிறேன். பீலெஃபெல்ட் என்று ஓர் ஊரே இல்லை என்பது ஜேர்மன்காரரின் பழைய பகிடி. ஊர் இல்லாவிட்டாலும் தொகுதி இருக்கிறது. கைசர் காலத்தில் பீலெஃபெல்டும் வீடன்புருக்கும் சேர்ந்து ஒரு தொகுதி. இங்கே உலோகத் தொழிலாளர் சங்கத்தில் இருந்த கார்ல் செவெரிங் 1907இல் இந்தத் தொகுதியிலிருந்து சமூக ஜனநாயகக் கட்சிக்காகப் பேரவைக்குப் போனார். அவர் பெயரில் இங்கே தொழிற்கல்லூரி இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் பேருந்தில் இறங்குகிறார்கள்.

அந்தக் காலத்து ஜேர்மனியில் மோசடி வேறுவிதம். 397 தொகுதிகள், ஏறத்தாழ ஓர் இலட்சம் பேருக்கு ஒன்று என்று 1870 வாக்கில் வரைந்தார்கள். பிறகு 1918இல் முடியாட்சி விழும்வரை அவற்றை மறுபடி வரையவே இல்லை. ஆலைகள் வந்தன, மக்கள் நகரங்களுக்குள் குவிந்தார்கள், கோடுகள் அசையவில்லை. பேர்லினை ஒட்டிய டெல்டோ சார்லோட்டன்பூர்க் தொகுதியில் 1912இல் 12 இலட்சத்துக்கு மேல் மக்கள், ஒரே உறுப்பினர். ஷவும்பூர்க் லிப்பே என்ற குட்டி அரசில் சுமார் 46,000 பேர், அவர்களுக்கும் ஒரே உறுப்பினர். அது இங்கிருந்து ரயிலில் போய் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடக்கூடிய தூரம். 1907இல் சமூக ஜனநாயகக் கட்சி நூற்றுக்கு 29 வாக்குகள் பெற்று 43 ஆசனம் எடுத்தது. மத்திய கட்சி நூற்றுக்கு 19 பெற்று 105 எடுத்தது. இரண்டாம் சுற்றுக் கூட்டுகளும் இதற்குக் காரணம் என்றாலும், உறைந்துபோன கோடுகளின் பங்கு பெரிது. ஒருவரும் எதையும் வரையவில்லை. வரையாமல் இருந்தே சாதித்தார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு இது உடனே வேறொன்றை நினைவூட்டும். 1967இல் மதராஸ் மாநிலத்தின் மக்களவை ஆசனங்கள் 41இலிருந்து 39ஆகக் குறைந்தன. பிறகு 1976இல் நாற்பத்திரண்டாவது திருத்தம், மாநிலங்களுக்கிடையிலான ஆசனப் பங்கீட்டை 1971 குடிசனக் கணக்கிலேயே உறையவைத்தது. எண்பத்துநான்காவது திருத்தம் அந்த உறைவை 2026க்குப் பின் வரும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. கைசரின் உறைவு வளர்ந்த நகரங்களைத் தண்டித்தது. இந்திய உறைவு பிள்ளைப்பேற்றைக் கட்டுப்படுத்திய மாநிலங்களைக் காத்தது. உறைய வைப்பது நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. யார் வளர்ந்தார்கள், ஏன் வளர்ந்தார்கள் என்று கேட்க வேண்டும். குடும்பக் கட்டுப்பாட்டுக்கு வீடு வீடாக ஏறி இறங்கியவர்கள் எங்களைப் போன்ற தாதிகள்தான். அந்த உழைப்புக்கு ஆசனக் குறைப்பு கூலியாகக் கூடாது என்ற வாதத்தில் எனக்கு ஒரு தொழில்முறைப் பாசம் உண்டு, மறைக்கவில்லை.

இலங்கைக்குத் திரும்பினால், 1978 யாப்பு தனித்தொகுதி முறையை விட்டு விகிதாசாரத்துக்குப் போனது. 22 தேர்தல் மாவட்டங்கள், 196 ஆசனங்கள். அதில் மாகாணத்துக்கு நான்கு வீதம் 36. மீதி 160 பதிவு செய்யப்பட்ட வாக்காளர் தொகைப்படி. கவனித்தீர்களா? தலை போய் இடாப்பு வந்துவிட்டது. மலையகத்துக்கு நடந்த அநியாயம் இந்த விதியின் கீழ் நடந்திருக்க முடியாது, வாக்கில்லாதவர் கணக்கிலேயே வரமாட்டார். ஆனால் அது இன்னொரு வாசலைத் திறந்தது. கிளிநொச்சியையும் சேர்த்த யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 1989இல் 11 ஆசனங்கள். 1994இல் 10. 2000இல் 9. 2015இல் 7. 2024இல் 6. எவரும் எல்லையைத் தொடவில்லை. போரில் இறந்தவர்கள், இடம்பெயர்ந்தவர்கள், கடல் கடந்தவர்கள் என்று இடாப்பிலிருந்து பெயர்கள் உதிர்ந்தன. அந்த ஐந்து ஆசனங்களில் ஒரு பகுதி இப்போது ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இங்கே நோர்ட்ரைன் வெஸ்ட்பாலனிலும் இருந்து இந்த நேரலையைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. குற்றம் சொல்லவில்லை. உயிர் தப்பி வந்தவரிடம் ஆசனக் கணக்குக் கேட்பது அழகல்ல. ஆனால் வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க இலங்கையில் வழியில்லை என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

ஆக, தலையை எண்ணுவதா, வாக்காளரை எண்ணுவதா? இரண்டிலும் ஓட்டை இருக்கிறது. நான் வேலை செய்யும் விடுதியில் நள்ளிரவுக் கணக்கு என்று ஒன்று எடுப்போம். அந்த நேரத்தில் கட்டிலில் எத்தனை நோயாளர் என்று. காலையில் வந்து, ஊசி போட்டு, இரண்டு தரம் வாந்தி எடுத்து, மாலையில் வீடு போனவர் அதில் இல்லை. அவருக்காக ஓடிய கால்களுக்கு மட்டும் தெரியும் அவர் வந்து போனது. எந்தக் கணக்கும் யாரையோ விடுகிறது. யாரை விடுகிறது என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தால் அது வெறும் கணக்கு அல்ல. அமெரிக்காவில் 2016இல் டெக்சாஸ் வழக்கொன்றில் இதே கேள்வி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. மொத்த மக்கள்தொகையை வைத்துத் தொகுதி வகுக்கலாம் என்று நீதிபதிகள் சொன்னார்கள். வாக்கில்லாத குழந்தைக்கும் குடியேறிக்கும் ஒரு பிரதிநிதி வேண்டும் என்பது அதன் நியாயம். நல்ல நியாயம்தான். மலையகத்தைத் தெரிந்த எனக்கு ஒரு நிபந்தனை போடத் தோன்றுகிறது: எண்ணப்படுபவரின் வாக்கைப் பறிக்கும் அதிகாரம் அந்தக் கணக்கால் லாபம் அடைபவர் கையில் இருக்கக் கூடாது.

ஜேர்மனி வேறு வழியில் போகிறது. சமஷ்டிப் பாராளுமன்றத் தொகுதிகளை வகுக்கும்போது ஜேர்மன் பிரஜைகளை மட்டும் எண்ணுகிறார்கள். வெளிநாட்டவர் கணக்கில் இல்லை. ஒரு தொகுதி சராசரியிலிருந்து நூற்றுக்கு 15க்கு மேல் விலகக் கூடாது. 25ஐத் தாண்டினால் மறுபடி வரைந்தே ஆகவேண்டும். ஏழு பேர் கொண்ட ஆணைக்குழு ஒன்று இதைப் பார்க்கிறது. அதில் புள்ளிவிபரத் திணைக்களத் தலைவரும் ஒரு நீதிபதியும் இருப்பார்கள். அவர்கள் பரிந்துரைப்பதோடு சரி, முடிவு பாராளுமன்றத்துடையது. எங்கள் தொகுதி பீலெஃபெல்ட் நகரமும், பக்கத்துக் குடர்ஸ்லோ மாவட்டத்தின் வெர்தர் என்ற சிற்றூரும். வெர்தர்காரர்கள் மாவட்ட அலுவலுக்கு குட்டர்ஸ்லோவுக்குப் போக வேண்டும், பேர்லினுக்கு ஆள் அனுப்ப எங்களோடு சேர வேண்டும். அவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதாகத் தெரியவில்லை.

எங்கள் ஊர்த் தமிழ்க் குடும்பம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலான வீடுகள் இப்படித்தான். தாய்க்கு இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டு, இருபது வருடமாக இங்கே வரி கட்டுகிறார். தகப்பன் ஜேர்மன் பிரஜை. மூன்று வயதுப் பிள்ளையும் அப்படியே. ஜேர்மன் பிரஜையான பிள்ளைகள் கணக்கில் வருவார்கள், வாக்குக்குப் பதினெட்டு வயதாக வேண்டும். ஆகவே அந்த வீட்டில் தொகுதிக் கணக்கில் வருபவர்கள் இரண்டு பேர்: தகப்பனும், பாலர் பாடசாலைக்குப் போகும் பிள்ளையும். தாய் நகரசபையின் ஒருங்கிணைப்பு மன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். அந்த மன்றம் ஆலோசனை சொல்லும். தாயின் பெயர் நுவரெலியா மாவட்ட இடாப்பில் இருந்து எப்போதோ நீங்கிவிட்டது. அங்கே இப்போது எட்டு ஆசனங்கள்.